இறங்கத் தெரிந்த கை

மார்ச் 9

அக்கா,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று புரிந்துவிட்டது. காலையில் கூப்பிட்டால் அத்தான் எடுத்து, "குளிச்சிட்டு இருக்கா" என்கிறார். மதியம் கூப்பிட்டாலும் குளியல். சாயங்காலமும் குளியல். "இப்படியே குளிச்சா கரைஞ்சு போயிடுவா அத்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் முதலில் சிரிக்கிற மனிதர் அவர். அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்கு உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

விசாரணையில் நான் சொன்னதை உனக்கும் அப்படியே எழுதிவிடுகிறேன். நாலு பேர் வாய் வழியாக வந்து உன் காதில் வேறு மாதிரி விழ வேண்டாம்.

அன்று உன் விமானத்தில் பயணிகள் பக்கம் இடமில்லை என்று காக்பிட்டில் உனக்கும் துணை விமானிக்கும் பின்னால் இருக்கிற மடக்கு நாற்காலியில் என்னை உட்காரவைத்தாய். சரியான இறங்கு கோட்டைக் காட்டுகிற ரேடியோ கருவி அந்த ரன்வேயில் பழுதாகிக் கிடந்தது. ஆட்டோபைலட்டை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்துக் கையால்தான் இறக்க வேண்டியிருந்தது. ரன்வே ஓரத்து நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்புமாகத் தெரிந்தால் உயரம் சரி. அன்று நான்கும் வெள்ளை. நீ மிக உயரத்தில் இருந்தாய், வேகமும் அதிகம். உயரத்தைக் குறைக்க விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினாய், இஞ்சின் சக்தியை முழுக்க இறக்கினாய். பக்கத்தில் இருந்த துணை விமானி "கோ அரவுண்ட்" என்று இரண்டு முறை சொன்னாள். இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா என்று. நீ ஏறவில்லை. கடைசியில் விமானம் கையை விட்டு நழுவின பாத்திரம் மாதிரி ரன்வேயில் விழுந்தது.

இவ்வளவுதான் சொன்னேன். இதில் எது பொய்?

இறுதி விசாரணை முடியும்வரை உன்னைத் தரையில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று அத்தான் சொன்னார். உன்னைப் பறக்க விடாமல் வீட்டில் வைப்பது என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் விசாரணையில் கேட்கிற கேள்விக்கு என்னைப்போல ஒரு கேப்டன் மழுப்ப முடியாது அக்கா. தம்பியாக இருந்தாலும்.

இதை விமான நிலையத்தை ஒட்டின எங்கள் ஓய்வறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏசி சொட்டுகிறது, அடியில் ஒரு வாளி. இன்றைக்கு இன்னும் நான்கு இறக்கம் பாக்கி. இரண்டு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி

*

மார்ச் 17

வாலு,

குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னது நான்தான். அந்த மனிதருக்கு வேறு பொய் சொல்ல வராது, அதையே மூன்று வேளையும் சொல்லிவிட்டார்.

போனில் பேசினால் கத்துவேன். பேனா என் வேகத்துக்கு ஓடாது, அதனால் எழுத்தில் கொஞ்சம் மரியாதையாக இருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதி சொல்ல முடியாது.

எது பொய் என்று கேட்டிருக்கிறாய். எதுவும் பொய் இல்லை. நான்கு விளக்கும் வெள்ளைதான். அவள் இரண்டு முறை சொன்னதும் உண்மை. நீ பார்த்ததையெல்லாம் அழகாக, வரிசையாக, எழுத்து சுத்தமாகச் சொல்லியிருக்கிறாய். நீ செய்ததைச் சொன்னாயா?

அவள் முதல் தடவை சொன்னதும் நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். கண் சிமிட்டுகிற நேரம்தான். நீ தலையாட்டினாய். பட்டும் படாமலும் இல்லை. "சரியாத்தான் இருக்கு, இறங்கு" என்கிற மாதிரி நன்றாகவே ஆட்டினாய். நான் முன்னால் திரும்பிக்கொண்டேன், இறங்கினேன். காக்பிட்டில் இருக்கிற ஒலிப்பதிவுக் கருவிக்குக் காது மட்டும்தான், கண் கிடையாது. அதனால் உன் தலை எந்தக் காகிதத்திலும் இல்லை. "ஏன் ஏறவில்லை?" என்று என்னைக் கேட்டார்கள். "என் முடிவு" என்றேன். உன்னைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த அறையில் நீ என்னைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

என் கோபம் நீ உண்மையைச் சொன்னதற்கு இல்லை. பாதியில் நிறுத்தினாயே, அதற்கு.

பின்பக்க இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த ஏர் ஹோஸ்டஸுக்கு முதுகெலும்பில் விரிசல். மருத்துவமனைக்குப் போனேன். அசையக்கூடாது என்று பலகை மாதிரி படுக்கவைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "மேடம், நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். வாங்கிப்போன பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவளுடைய அம்மா என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். என் முகத்தை அந்த அம்மா பார்க்கவில்லை.

வீட்டில் உன் அத்தான் குழந்தை தூங்குகிற இடத்தில் நடப்பதுபோல விரல் நுனியில் நடக்கிறார். அலமாரிகளை எல்லாம் சுத்தம் செய்துவிட்டேன். மறுபடி கலைத்துவிட்டுச் சுத்தம் செய்யலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். போன வருடம் எனக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, "அக்கா பறந்த நேரத்தைக் கூட்டினா ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகாயத்துலயே குடியிருந்திருக்கா. தரைக்கு வந்ததுதான் கம்மி" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது இன்னும் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அக்கா

*

மார்ச் 25

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் திரிந்தேன். "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று ஒரு பதில் எழுதினேன், கிழித்துப் போட்டேன். "ஞாபகம் இல்லை" என்று இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். ஞாபகம் இருக்கிறது. தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று சொல்கிறேன், கேள். கெட்ட எண்ணம் இல்லை. உன்னைச் சிக்கலில் மாட்டிவிடவும் இல்லை. எனக்கு அது உண்மையிலேயே சரியாகத் தெரிந்தது. நான் ஓட்டுகிற சின்ன புரொபெல்லர் விமானத்தில் அந்த உயரமும் அந்த வேகமும் பெரிய விஷயமே இல்லை. நாங்கள் தினமும் செய்வது. கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டால் இஞ்சினைத் தள்ளினால் போதும், புரொபெல்லர் காற்றை நேராக இறக்கை மேல் வீசும், விமானம் உடனே தூக்கிக்கொள்ளும். உன்னுடையது அந்த ஜாதி இல்லை. ஜெட் இஞ்சினை ஒரேயடியாக அடக்கிவிட்டுப் பிறகு தள்ளினால், அது மூச்சு வாங்கி முழுச் சக்திக்கு வருவதற்குள் தரை வந்துவிடுகிறது. அந்த எடைக்குச் சட்டென்று நிற்கவும் தெரியாது. இதெல்லாம் நான் படித்ததுதான். ஆனால் அந்த நொடியில் தலையாட்டியது படிப்பு இல்லை, பழக்கம். தினமும் ஆறு தடவை இறங்குகிறவனின் பழக்கம்.

சரி, இதை ஏன் சொல்லவில்லை? காரணத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பெரிய விமானங்கள் ஓட்டுகிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. உன்னிடம் நேரில் சொல்லி உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் அன்று உன் விமானத்திலேயே ஏறினேன். இறங்கின பிறகு எந்த வாயால் சொல்வது? ஜூனில் சேர வேண்டும். அடுத்தவர் காக்பிட்டில் உட்கார்ந்து தவறாகத் தலையாட்டியவன் என்று என் காகிதத்தில் ஏறினால், அந்த வேலை அங்கேயே முடிந்தது. ஊர் மாற வேண்டியிருக்கும் என்று உன் தம்பி பெண்டாட்டி பள்ளிக்கூடத்தில் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நான் கோழை என்று சொல். வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நீ ஏன் என்னைப் பார்த்தாய்?

என்னைவிட மூன்று மடங்கு நேரம் பறந்தவள் நீ. பக்கத்து இருக்கையில், அந்த விமானத்தை ஓட்டவே பயிற்சி பெற்ற ஒருத்தி, தெளிவாக ஒரு வார்த்தை சொல்கிறாள். அவளை விட்டுவிட்டு, அந்த விமானத்தை ஒரு நாளும் தொட்டிராத தம்பியைத் திரும்பிப் பார்த்தாயே, எதற்கு? நான் தலையாட்டியது தவறு. நீ கேட்டது எந்த விதியில் வரும்?

தம்பி

*

ஏப்ரல் 12

வாலு,

உன் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. முதலில் உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அத்தான் எடுத்துத் தேய்த்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மேசையில் சாப்பிடும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது.

போன வாரம் பயிற்சி மையத்துக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானே கேட்டு வாங்கின நேரம். அந்தப் பெரிய கொட்டகையில் சிமுலேட்டர் இரும்புக் கால்களில் நிற்குமே, உள்ளே எப்போதும் பழைய கம்பள வாசனை. அதை இயக்குகிறவரிடம் அன்றைய ரன்வேயைப் போடச் சொன்னேன். வழிகாட்டும் கருவி வேண்டாம், ஆட்டோபைலட் வேண்டாம், எல்லாவற்றையும் அணையுங்கள் என்றேன். "எதுக்கு மேடம் இந்தக் கஷ்டம்? உங்க தேர்வுல இதெல்லாம் வராதே" என்றார். வராது என்பது எனக்கும் தெரியும்.

முதல் தடவை மிக உயரம். இரண்டாவது தடவை அதற்குப் பயந்து மிகத் தாழ்வு, விளக்கு நான்கும் சிவப்பு. மூன்றாவது தடவை அன்றைக்கு விழுந்த மாதிரியே விழுந்தேன். அவர் பொத்தானை அழுத்தி என்னை மறுபடி ஆகாயத்தில் கொண்டுபோய் வைத்தார். காலையெல்லாம் செய்தேன். சுமாராக ஓரிரண்டு வந்தது. நல்லதாக ஒன்றுகூட வரவில்லை.

கணக்கு எதுவும் மறக்கவில்லை. எந்த தூரத்தில் எந்த உயரம், எந்த எடைக்கு எந்த வேகம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கைதான் தாமதமாக வருகிறது. விமானம் விலகின பிறகு திருத்துகிறது, திருத்தினது அதிகம் என்று தெரிவதற்குள் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. ஒரு காலத்தில் இந்தக் கை எனக்கு முன்னாலேயே போகும்.

நீண்ட பயணத்துக்கு எங்களில் நான்கு பேர் ஏறுகிறோம். இறக்குவது ஒருவர். மாதத்தில் என் முறைக்கு இரண்டு இறக்கம் வந்தால் அதிகம். அதிலும் ரன்வே வாசல்வரை ஆட்டோபைலட் கொண்டுவந்து கையில் கொடுக்கும், கடைசிக் கொஞ்சம்தான் நான். யாரோ சமைத்ததைத் தட்டில் போட்டுவிட்டுச் சமையல்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் என் கணக்கில் மணிகள் ஏறின. மணிகள் ஏறுகிற வரை அனுபவமும் ஏறுகிறது என்று நானும் நம்பினேன், கம்பெனியும் நம்பியது. நீ ஒருத்தன்தான் அதைச் சிரிப்பாகச் சொன்னாய், அதனால்தான் அது முள்ளாகக் குத்தியது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன்னைப் பார்த்தது எனக்குத் தெரியாததால். உயரம் சரியா தவறா என்று அந்த நேரத்தில் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் சொன்னதைக் கேட்டு ஏறினால், தெரியாது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். என் அனுபவத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதவளிடம் அதை ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. தம்பியிடம் கேட்டால் வெளியே தெரியாது.

அவள் போன வருடம்வரை உன்னைப்போலச் சின்ன விமானம் ஓட்டியவள். பெரிய விமானத்துக்குப் பயிற்சி முடித்தும் அதிக நாள் ஆகவில்லை. இரண்டும் அவள் கையில் சூடாக இருக்கிறது. அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது, சொல்ல வேண்டிய வார்த்தையில் சொன்னாள். நீயும் நானும் ஒரு மாதமாக உன் தலையைப் பற்றிச் சண்டை போடுகிறோம். சரியாகச் சொன்ன அவளுக்கு என்ன ஆகும் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

தலைமை விமானி தன் அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். "உங்க அனுபவம் எங்களுக்குத் தெரியாதா? கருவி இல்ல, காத்து வேற. அந்தப் பொண்ணு இன்னும் அழுத்தமா சொல்லியிருக்கணும், இல்லன்னா கன்ட்ரோலைக் கையில எடுத்திருக்கணும். அதான் ரிப்போர்ட்ல வரும். நீங்க கவலைப்படாம இருங்க" என்றார். அவளைப் பெரிய விமானத்திலிருந்து இறக்கிவிடுவார்களாம். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். நல்ல காபி என்று வேறு சொன்னேன்.

மாதக் கடைசியில் இறுதி விசாரணை. நான் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். என் கை மறந்தது, அவள் சொன்னதும் நான் பின்னால் திரும்பினது, எல்லாம். பின்னால் திரும்பினேன் என்றால் யாரைப் பார்த்தேன் என்று கேட்பார்கள். உன் தலையும் வரும்.

இது உன்னிடம் அனுமதி கேட்கிற கடிதம் இல்லை. முன்னாலேயே தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 18

அக்கா,

வேண்டாம்.

கைமறதியைச் சொல், அவள் சொன்னதைச் சொல், கேட்காமல் இறங்கினது உன் தவறு என்றும் சொல். அவளுக்கு அது போதும், அவள் தப்பித்துவிடுவாள். தலையாட்டினதை மட்டும் விட்டுவிடு. அதைச் சேர்ப்பதால் யாருக்கு என்ன லாபம்? நான் ஒருத்தன் நாசமாவதைத் தவிர?

நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். பெரிய விமானத்துக்கு நீ போன அன்று விமான நிலையக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவன் நான். உன் பின்னாலேயே வந்ததால்தானே வாலு? இப்போது வால் கிட்டே வந்துவிட்டது, நீ கத்தியைத் தூக்குகிறாய். பாராட்டுக் கூட்டத்தில் வாய்க்கொழுப்பில் சொன்ன ஒரு வார்த்தைக்கு இது பழிவாங்கல் என்றால் நேராகச் சொல்லிவிடு.

சரி, இதையும் கேள். அந்தத் துணை விமானி போன வாரம் எனக்குப் போன் செய்தாள். "சார், மேடம் திரும்பினப்போ நீங்க தலையாட்டுனதை நான் பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லலை. சொல்லணுமா?" என்றாள். "அது உன் இஷ்டம்மா" என்றேன். அப்புறம், "நீங்க ரெண்டு பேரும் கேப்டன் சார். நான் சொன்னா யாரு நம்புவாங்க?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

பார்த்தாயா? பெரிய விமானத்தை இழக்கப்போகிற அவளே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். உனக்கு மட்டும் என்ன அவ்வளவு அவசரம்?

இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் உன் ஒரு வாக்கியத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறோம். உன் தம்பி பெண்டாட்டி, "அண்ணி அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க" என்கிறாள். அவளுக்கு நீ என்றால் அவ்வளவு நம்பிக்கை. எனக்குத்தான் உன்னைத் தெரியும்.

கெஞ்சித்தான் கேட்கிறேன்.

தம்பி

*

மே 2

வாலு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் கிடைத்துத்தான் போனேன். கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெண் உனக்குப் போன் செய்ததைப் படித்த பிறகுதான் உன் தலையை விடக்கூடாது என்று உறுதியானது. "யாரு நம்புவாங்க" என்று அவள் கேட்டாள் என்று எழுதியிருந்தாய். அதை எனக்கு எதிரான வாதமாக எழுதியிருந்தாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீளமான மேசை, ஐந்து பேர். நடுவில் இருந்தவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், இது பதிவுல ஏறிடும். நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார். தப்பிக்க எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தார் என்று புரிந்தது. யோசித்துவிட்டேன் என்றேன். உன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னேன். நீ தலையாட்டினாய், ஆனால் அங்கே பொறுப்பு உனக்கு இல்லை, திரும்பிப் பார்த்ததே என் தவறு என்றும் சொன்னேன். உன் தலையோடு இதையும் எழுதுவார்களா என்று எனக்குத் தெரியாது.

அவள் மேல் தவறு இல்லை என்று எழுதிவிட்டார்கள். என் கேப்டன் பதவியை எடுத்துவிட்டார்கள். குறுகிய தூர விமானங்களில் துணை விமானியாக உட்கார வேண்டும், முதலிலிருந்து பயிற்சி. ஒரு வருடம் போன பிறகு மறுபடி பார்ப்பார்களாம். பார்ப்பார்களோ மாட்டார்களோ. வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியைத் தட்டி, "வண்டி ஸ்டார்ட் ஆகலையாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாவம், பானெட்டைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

விசாரணை முடிந்து காருக்கு வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். விசாரணை அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். மன்னிப்பு கேட்க நானும் வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. "மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்கு கன்ட்ரோலைக் கையில எடுத்திருந்தா, நீங்க விட்டிருப்பீங்களா?" என்றாள்.

உள்ளே ஐந்து பேர் முன்னால் எல்லா உண்மையையும் சொல்லிவிட்டு வந்தவள் நான். அந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்ல ஆசையாக இருந்தது.

"விட்டிருக்க மாட்டேன்" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு அப்படியே என்னிடம் இருக்கிறது.

உனக்கு என் மேல் எவ்வளவு கோபம் இருக்கும் என்று தெரியும். அதைக் குறைத்துக்கொள் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

அக்கா

*

மே 27

அக்கா,

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. "தற்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். தற்போதைக்கு என்றால் எப்போதைக்கும் என்று எனக்குப் படிக்கத் தெரியும். உன் தம்பி பெண்டாட்டி பள்ளிக்கூடத்துக்குப் போய், விட்ட வேலையைத் திரும்பக் கேட்டாள். கொடுத்துவிட்டார்கள். ஆனால் கேட்கவைத்துவிட்டாயே. உன் பெயரை வீட்டில் அவள் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. கோபம் போய்விட்டது என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். போகவில்லை. நீ செய்தது சரி என்று எனக்குத் தெரிகிறது, தெரிந்தும் போகவில்லை.

எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். இன்றைக்கு ஒன்று நடந்தது, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். உன்னைத் தவிர யாருக்கும் புரியாது.

என் துணை விமானியை உனக்குத் தெரியாது. மூன்று வருடமாக என்னோடு பறக்கிறான். கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது, நன்றாகச் சிரிக்கவைப்பான். அவனுக்கும் எனக்கும் நடுவில் பெரியவன் சின்னவன் என்கிற வித்தியாசமே கிடையாது என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். உன் கேப்டன்தனத்தைக் கிண்டல் செய்தபோதெல்லாம் அவனைத்தான் உதாரணம் காட்டுவேன். இரண்டு பயணங்களுக்கு நடுவில் ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். உன் கடிதத்தில் அவள் கேட்ட கேள்வி மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. விளையாட்டாகக் கேட்கிற மாதிரி அவனிடம் கேட்டேன். "டேய், நான் தப்பா இறங்குறேன்னு வெச்சுக்கோ. நீ சொல்லியும் நான் கேக்கலை. கன்ட்ரோலைக் கையில எடுப்பியா?"

"எடுத்தா நீங்க விட மாட்டீங்களே சார்" என்றான்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லணுமா சார்? இங்க எல்லாருக்கும் தெரியும். அதான் உங்களோட வர்றப்போ நாங்க யாரும் ரொம்ப பேசுறதில்ல. நீங்க நல்லா இறக்குவீங்க, அப்புறம் எதுக்கு?"

குறையாக அவன் சொல்லவில்லை. சாயங்காலம் மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவப் போய்விட்டான். மூன்று வருடமாக அவன் பேசாமல் இருந்ததை என் இறக்கத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் அக்கா.

மிச்சமிருந்த இறக்கங்களையெல்லாம் அவனையே செய்யச் சொன்னேன். முதலாவதில் கொஞ்சம் உயரமாக வந்தான், அவனே சரிசெய்துகொண்டான். நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தரையைத் தொடுகிறவரைக்கும் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தம்பி